பரிமளத்தின் குரலில் ஒரு 'செரிங்'

முக்கா மணிக்கூர் ஆவும் மக்களே, ஐஸ் எறங்கணும்லா, மைனஸ் எம்பதுல கெடந்த சாதனம், நாம அவசரப்பட்டா அது கெட்டுப்போவும் என்று சொல்லிவிட்டு ஜெபா சிஸ்டர் கதவைச் சாத்தியதும், அதே வாக்கியத்தை நான் வாய்க்குள்ளேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மார்த்தாண்டத்துக்காரர்களின் 'மக்களே' தொண்டையில் கிளம்பி மூக்கில் இறங்குகிறது, 'லா' மட்டும் தனியாக ஒரு குட்டிக்கரணம் போடுகிறது. அவர் இன்னும் இரண்டு தடவை வந்துபோனால் போதும், அவர் குரலிலேயே அவருடைய சூப்பர்வைசரைக் கூப்பிட்டு லீவு கேட்டுவிடுவேன். என் இடது கையில் ஊசிக் குழாய் ஏற்கெனவே ஒட்டியாயிற்று. கட்டிலுக்கு மேலே கம்பியில் வெறும் உப்புத் தண்ணீர்ப் பை தொங்குகிறது, அதன் பக்கத்துக் கொக்கி காலி. அந்தக் காலிக் கொக்கிதான் இன்றைக்கு எல்லாம். அம்மா நாற்காலியில் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "மௌலி, கைய ஆட்டாத கண்ணு" என்கிறாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்பவள், சுற்றி நாற்பது தையல் மெஷின் ஓடும் சத்தத்தில் பேசிப் பேசி, எந்த வாக்கியத்தை எடுத்தாலும் முதல் சொல்லை உரக்கத் தொடங்கி அடுத்த சொல்லில் அப்படியே தணிந்துவிடுவாள். அவள் குரலைச் செய்வது சுலபம் என்று எல்லோரும் நினைப்பார்கள். உரக்க, பிறகு தணிவாக. அது மட்டும் போதாது. தணிகிற இடத்தில் ஒரு மூச்சு இருக்கிறது, யாரிடமோ மன்னிப்புக் கேட்பது மாதிரி, அதைப் பிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. பிடித்த பிறகு அப்பாவே ஏமாந்தார். அப்பா இப்போது கீழே பார்க்கிங்கில் இருக்கிறார், ஊசியைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும், போன தடவை எனக்கு ரத்தம் எடுக்கும்போது அவரைத்தான் படுக்கவைத்தார்கள்.

மருந்து உருகிக்கொண்டிருக்கிறது. எந்த அறையில் என்று தெரியவில்லை, ஒரு சின்னக் குப்பி, கட்டைவிரல் அளவு என்று டாக்டர் மெஹருன்னிசா சொன்னார். அதற்குள் கோடிக்கணக்கான கோடி வைரஸ் ஓடுகள். ஓடு மட்டும்தான். "உள்ள இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டாச்சு, ஓகேவா, ஸோ, அது நோய் தராது, அது இப்ப வெறும் கவர், உள்ள நாங்க ஒரு லெட்டர் வெச்சிருக்கோம்." மெட்ராஸ் பேச்சு, 'ஸோ'வுக்குப் பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்ளும் அந்த அரை நொடியையும் சேர்த்துச் செய்தால்தான் அவர் வருவார். நெஞ்செலும்புக்குப் பின்னால் எல்லாக் குழந்தைக்கும் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்குமாம், எனக்கு அது ஒரு வேர்க்கடலைத் தோல் அளவுக்குத்தான் பிறந்தது. அது சுரக்க வேண்டிய ஹார்மோன் எனக்குச் சுரக்கவில்லை. அதனால் மூளைக்கு அடியில் இருக்கிற பட்டாணி அளவு பிட்யூட்டரிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை, பையனுக்கு வயசாகிறது, வேலையை ஆரம்பி என்று. அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. எனக்குப் பதினேழு வயது, நூற்று முப்பத்தொரு சென்டிமீட்டர், பஸ்ஸில் அரை டிக்கெட், யாருக்குச் சளி பிடித்தாலும் எனக்கு நிமோனியா. வளர்ச்சி ஊசி இரண்டு வருஷம் போட்டுப் பார்த்தார்கள், ஒரு விரல் அகலம் வளர்ந்தேன். தைமஸ் ஹார்மோனையே ஊசியாகப் போடலாமே என்று அம்மா கேட்டதற்கு, ரத்தத்தில் அது ஒரு மணி நேரம்கூட நிற்காது, உள்ளேயே சுரந்தால்தான் உண்டு என்றார் டாக்டர். அப்புறம் சொன்னார் பாருங்கள் ஒன்று. நான் அந்த நிமிஷம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அந்த ஓடுகள் நேராக ஈரலுக்குப் போகும், ஈரல் செல்கள் கவரைப் பிரித்து லெட்டரைப் படிக்கும், படித்துவிட்டுத் தைமஸ் சுரக்க வேண்டியதை ஈரல் சுரக்க ஆரம்பிக்கும். ஈரல், தைமஸ் மாதிரிப் பேசும். பிட்யூட்டரி அதைக் கேட்டுவிட்டு, அட, தைமஸ்தான் கூப்பிடுகிறது என்று நம்பி எழுந்து உட்காரும். மிமிக்ரி டாக்டர், மிமிக்ரி, என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆமா, ஒரு வகையில, என்றார். அன்றைக்கு இரவெல்லாம் வலது விலாவுக்குக் கீழே கை வைத்துக்கொண்டே கிடந்தேன். உள்ளே ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருத்தன் இவ்வளவு நாள் வாயே திறக்காமல் இருந்திருக்கிறான், அவனுக்கு இந்த வித்தை வரும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் ஒரே தடவைதான். கொக்கியைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வருகிறது. ஒருமுறை அந்த ஓடு உள்ளே வந்துவிட்டால் உடம்பு அதன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும், இரண்டாவது தடவை வாசலிலேயே அடித்து விரட்டிவிடும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு வீட்டில் ஒருமுறை குட்டு வெளிப்பட்டால் அந்த வீட்டுக்கு அந்தக் குரல் அவ்வளவுதான், பிறகு நிஜமான ஆளே கூப்பிட்டாலும் 'போடா மௌலி' என்று போனை வைத்துவிடுவார்கள், எங்கள் கிளாஸ் டீச்சருக்கு அது நடந்தது. உள்ளே போனதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. நன்றாக வேலை செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வளரலாம், சளிக்குப் பயப்படாமல் கூட்டத்தில் நிற்கலாம், மீசை வரலாம், குரல் உடையும். குரல் உடையும் என்பதை அவர் இருமல் மருந்து மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் தமிழ் ஐயா அதற்கு மகரக்கட்டு என்று ஒரு சொல் வைத்திருந்தார், ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொருவனாக அதில் விழுந்தபோது, "அடுத்த கட்டு யாருக்கடா உடையப்போவுது?" என்று பெஞ்சு பெஞ்சாகப் பார்ப்பார், என்னைத் தாண்டும்போது மட்டும் பார்வையைத் தூக்கிக்கொண்டு போவார். நான் எல்லோருடைய உடைசலையும் செய்து காட்டினேன், பாரதியின் உடைசல், சுல்தானின் உடைசல், கிளாஸே சிரித்தது. எனக்குத்தான் உடையவில்லை. உடையாததால்தான் என் குரலில் அம்மா வருகிறாள், ஜெபா சிஸ்டர் வருகிறார், அத்தை, கேஸ் ஆபீஸ் அக்கா, மூன்று வயதுப் பக்கத்து வீட்டுப் பாப்பா, ஆம்பிளைகள்கூட இருமலையும் இடைவெளியையும் சரியாக வைத்தால் பொம்மை மாதிரியாவது வந்துவிடுகிறார்கள். உடைந்தால் இவர்கள் எல்லோரும் எங்கே போவார்கள். போகட்டும் என்று சொல்ல வாய் வருகிறது. போகட்டும், நூற்று முப்பத்தொன்று நூற்று அறுபது ஆகட்டும். அதற்கெல்லாம் எப்போதோ பதில் சொல்லியாயிற்று. இப்போது என்னை அரிப்பது அது இல்லை.

செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு மணி, அம்மா கம்பெனியிலிருந்து வந்து குளிக்கப் போயிருந்தாள், அவள் போன் அடித்தது. எடுத்தேன். பழக்கம்தான், ஸ்கூல் வேன்காரரிலிருந்து பெரியம்மா வரைக்கும் நான் பேசி முடித்த பிறகுதான் அம்மாவுக்கே தெரியும். "அலோ, சொல்லுங்," உரக்க, தணிவாக, மூச்சு. "பரிமளம் அம்மாங்களா? தனியா இருக்கீங்களா? பையன் பக்கத்துல இல்லையே?" மெஹருன்னிசா டாக்டர். எனக்குக் கொண்டாட்டம். "இல்லீங், அவன் எங்கியோ சுத்தப் போயிருக்கானுங்," என்றேன், சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டு. அவர் சொன்னார். உங்க பையனுக்கு முன்னாடி இந்த மருந்தைப் போட்டவங்க ரெண்டே பேர், ரெண்டாவது ஒரு பொண்ணு, பதிமூணு வயசு, வேற ஊர். பன்னெண்டாம் நாள் அதுக்கு ஈரல் வீங்கிடுச்சு. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. இப்ப வீட்டுக்குப் போயிடுச்சு, ஓகேவா, ஆனா இதைச் சொல்லாம நான் உங்க பையனுக்குப் போடக்கூடாது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டோம். ஸோ. கண்ணாடியை ஏற்றும் அரை நொடி, போனிலும் கேட்டது. பாத்ரூமில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் அம்மா ஏதாவது சொல்லியாக வேண்டும். "செரிங்," என்றேன். "அப்ப தொடரலாமா?" "செரிங்." "வியாழக்கிழமை இதுக்குத் தனியா ஒரு பேப்பர் இருக்கும், கையெழுத்து வாங்கிக்கறேன்." "செரிங்." போனை வைத்தேன். தலையணையில் என் பல் பதிந்திருந்தது. அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, யாருடா, என்றாள். ஆஸ்பத்திரில இருந்து, வியாழக்கிழமை காலைல இட்லி மட்டும் சாப்பிட்டு வரச்சொன்னாங்க, என்றேன். அது திங்கட்கிழமையே வேறு யாரோ கூப்பிட்டுச் சொன்னது. மறுபடியுமா, என்று கேட்டுவிட்டுச் சாம்பிராணி போடப் போய்விட்டாள்.

அம்மாவின் செரிங் நான்கு வகை. ஒன்று, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள். இரண்டு, போதும், போனை வையுங்கள். மூன்று, நீங்கள் சொல்வதை நான் செய்யப்போவதில்லை. நான்காவதுதான் நிஜமான சரி, அது அபூர்வம், அதில் 'ரி' கொஞ்சம் நீளும். எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் இதைப் பிரித்துச் சொல்லித்தர வேண்டாம். டாக்டருக்கு ஊர் மெட்ராஸ், அவருக்கு எல்லாச் செரிங்கும் ஒரே செரிங். நான் செவ்வாய்க்கிழமை போட்டது எந்தச் செரிங்? முதலாவது நிச்சயமாக ஒன்றாம் வகை. நடுவில் ஒன்று, தொடரலாமா என்று கேட்டதற்கு, அதில் 'ரி' நீண்டதா? நீட்டினேனா, தானாக நீண்டதா? இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. அம்மாவை நான் செய்தேனா, அல்லது எனக்கு வேண்டியதைச் சொல்ல அம்மாவைப் போட்டுக்கொண்டேனா. இன்று காலை ஒரு கட்டுப் பேப்பர் வந்தது, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடமெல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டாள், கடைசித் தாளை நீட்டி டாக்டர் சொன்னார், "இது நான் போன்ல சொன்னதும்மா." அம்மா, "ஆமாங், இட்லிதான் சாப்டான்," என்றபடி போட்டாள். டாக்டருக்கு அவசரம், பக்கத்து அறையில் யாரோ கூப்பிட்டார்கள், காதில் பாதிதான் விழுந்திருக்கும். சிரித்துவிட்டுப் போனார். நான் கூரையைப் பார்த்தேன். சொன்னால் அம்மா வேண்டாம் என்றுவிடுவாள். உருகியதைத் திரும்ப உறையவைக்க முடியாது, கொட்டிவிடுவார்கள், கோடி கோடி லெட்டர் வாஷ்பேசினில் போகும், எனக்கு இன்னொன்று செய்து வைத்திருக்கிறார்களா என்ன. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால், ஏதாவது ஆகிவிட்டால்? பன்னிரண்டாம் நாள் எனக்கு வீங்கினால், வராந்தாவில் டாக்டர் அம்மாவிடம் சொல்வார், நான் உங்ககிட்ட போன்லயே சொன்னேனேம்மா, நீங்க சரின்னீங்களே. அம்மா நிற்பாள். எப்போது சொன்னோம் என்று யோசிப்பாள். கட்டைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவாள். தான் சொல்லாத ஒன்றைத் தன் குரல் சொல்லியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, ஒருவேளை சொல்லித்தான் இருப்போமோ, மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்காமல் சொல்லிவிட்டோமோ என்று தன்னையே சந்தேகப்படுவாள், எத்தனை வருஷமானாலும். அந்த வராந்தாவை என்னால் தாண்ட முடியவில்லை. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன். என் ஈரல் வீங்கிக் கிடப்பது தெரியவில்லை, அம்மா பையைக் கை மாற்றுவது தெரிகிறது.

கதவு திறந்து ஜெபா சிஸ்டர் ட்ரேயோடு வந்தார். "உருகிட்டு மக்களே. பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு, பச்சத்தண்ணி கணக்கா." புதுப் பையொன்றில் அதைக் கலந்திருந்தார்கள். காலிக் கொக்கியில் மாட்டினார். நான் பார்த்தேன். அதில் ஒன்றுமே தெரியவில்லை, எதிர்ச்சுவரில் இருந்த காலண்டர் அதன் வழியாகக் கொஞ்சம் வளைந்து தெரிந்தது. அவ்வளவு லெட்டர்களும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒளி ஊடுருவிப் போகும்படி அதற்குள் மிதக்கின்றன என்று நினைத்தபோது மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றன, கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது. அதற்கு முன்னால் பொய்யோடு படுத்திருக்க முடியவில்லை. "சிஸ்டர், ஒரு நிமிஷம். அம்மா, செவ்வாக்கிழமை டாக்டர் கூப்பிட்டாங்க. உன்ற போனுக்கு. நான்தான் பேசினேன். உன்ற குரல்ல." எல்லாவற்றையும் சொன்னேன், ஈரல், பன்னிரண்டாம் நாள், பத்தொன்பது நாள், பேப்பர். ஜெபா சிஸ்டர் குழாயிலிருந்து கையை எடுத்தார். எடே, என்று மட்டும் சொன்னார். அம்மா கட்டைப்பையைக் கீழே வைத்தாள். "என்ற குரல்ல என்னன்னு சொன்ன?" "செரிங்னு." "சொல்லிக் காட்டு." இவ்வளவு நாளில் அவள் முன்னால் அவளைச் செய்ததே இல்லை. செய்தேன். மூன்று செரிங், அன்றைக்கு வந்த மாதிரியே. தன்னுடைய குரலைக் கேட்டுக்கொண்டு அவள் என் வாயையே பார்த்தாள், கண்ணாடியில் வேறு யாரோ தெரிவது போல. "நல்லாத்தான் பேசறான்," என்று சிஸ்டரிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "ஆனா நானா இருந்தா அப்படி வெச்சிருக்க மாட்டேன்டா." வேண்டாமென்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்குதுன்னு கேக்காம நானு போன வெப்பனா? ஒரு வார்த்த கேக்கத் தோணல பாரு உனக்கு." எனக்குத் தோன்றவில்லைதான். உரக்க, தணிவாக, மூச்சு, 'ரி' எல்லாம் வைத்திருந்தேன், அந்தக் கேள்வி என்னிடம் இல்லை. நான் செய்தது அம்மாவின் தொண்டையை மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. "டாக்டரக் கூப்பிடுங் சிஸ்டர். இது எத்தன நேரம் தாங்கும்?" "ரெண்டு மணிக்கூர் தாங்கும் அக்கா." "அப்ப நேரம் இருக்குது."

டாக்டர் வந்தார், கேட்டார், முதலில் முகம் வெளுத்தது, இந்தப் பேப்பரில் நீங்க போட்ட கையெழுத்து செல்லாதும்மா, தப்பு என் மேலதான், நேர்ல வெச்சுச் சொல்லியிருக்கணும், என்று கடைசித் தாளைத் தானே கிழித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அது எனக்கு ஜென்மத்துக்கும் போதும். அம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "அந்தப் புள்ள பேரு என்னங்?" "பேர் சொல்லக்கூடாதும்மா." "செரி வேண்டாம். அதுக்குப் பசிக்குதுங்களா இப்ப?" இப்படி ஒரு கேள்வி டாக்டருடைய பேப்பர் எதிலும் இருந்திருக்காது. போனை எடுத்து எதையோ தேடினார், வெளியே போய் யாரிடமோ பேசினார், திரும்பி வந்தார். "ராத்திரி மூணு தோசையாம். காலைல சட்டை பத்தலன்னு அழுதுச்சாம், கை நீளமாயிடுச்சுன்னு." அம்மா தலையை ஆட்டினாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையின் சட்டைக் கைக்காக. பிறகு, "நானு பொறவு சொல்றனுங். மொதல்ல அவங்கிட்டச் சொல்லுங். ரெண்டு நாளா அவந்தான் தனியாச் சொமக்கறான்," என்றாள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மௌலீஸ்வரன், என்று முழுப் பெயரும் சொல்லி ஆரம்பித்தார். அதே வார்த்தைகள்தான், பன்னிரண்டாம் நாள், ஈரல், பத்தொன்பது நாள், ஒன்றுகூட மாறவில்லை. செவ்வாய்க்கிழமை அதை நான் அம்மாவாகக் கேட்டேன், அம்மாவுக்குள் ஒளிந்துகொண்டு, எவனோ ஒரு பையனைப் பற்றிக் கேட்பது போல. இப்போது வலது விலாவுக்குக் கீழே சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்தது. பயந்துவிட்டேன். "வலிச்சுதா அவளுக்கு?" என்று கேட்டேன். "வலிச்சுது. நாலு நாள் ரொம்ப வலிச்சுது. நாங்க மருந்து குடுத்தோம், ஆனாலும் வலிச்சுது." ஓகேவா என்று அவர் முடிக்கவில்லை. பதில் சொல்ல எனக்குள் யாராவது ஒரு ஆளைத் தேடினேன், அத்தை, கேஸ் ஆபீஸ் அக்கா, தமிழ் ஐயா, ஒருத்தரும் வரவில்லை, வாசலில் என்னைத் தள்ளிவிட்டுவிட்டு எல்லோரும் எங்கோ போய்விட்டார்கள். "எனக்குப் போடுங்க டாக்டர்," என்றேன். அம்மா என்னைப் பார்த்தபடியே இருந்தாள், பிறகு புதுத் தாளைக் கேட்டு வாங்கி, விரலை வரிவரியாக நகர்த்தி, உதடு அசைய முழுதும் படித்தாள், ஒரு இடத்தில் திரும்பவும் மேலே போய்ப் படித்தாள், சிஸ்டர் நின்று நின்று கால் மாற்றினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் பாதம் இரண்டையும் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஜெபா சிஸ்டர் குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டினார். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு சொட்டு ஊறியது, கனத்தது, விட மனமில்லாமல் நீண்டது, விழுந்தது. அடுத்தது ஊறியது. எனக்கு முன் இரண்டே பேர் பார்த்த சொட்டு. புதுக் குரல் ஒன்றைப் பிடிக்கும்போது செய்வது போல, கழுத்தை நீட்டிக்கொண்டு அதன் பக்கம் காதைத் திருப்பினேன். "என்ன கண்ணு, வலிக்குதா?" என்றாள் அம்மா. "பேசாத இரும்மா," என்றேன், "கேட்டுட்டிருக்கேன்."